பிடுங்குவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. ராமநாதபுரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மாவுக்கு 44 வயது. கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். நான்கு மாதமாகக் கீழ் இடது கடைவாய்ப் பல்லில் வலி. இரவில் தூங்க மாட்டார். தலையைக் கீழே கொடுத்துத் தண்ணீருக்குள் இறங்கும்போது உயிரே போகிறது என்பார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும், புகையிலையைக் கிள்ளி அந்த இடத்தில் அடக்கியும் சமாளித்தார். பிறகு வலி தானாகவே நின்றுவிட்டது. போன வாரம் தாடை வீங்கி இரண்டு நாளில் வற்றியது. இப்போது ஈற்றில் ஒரு சின்னக் கொப்புளம் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது சென்ற ஆண்டுதான் தெரிந்தது. வலது பக்கம் ஏற்கெனவே இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டார். இதையும் பிடுங்கினால் ஒரே நாளில் தொல்லை விட்டது என்கிறார். வேர் சிகிச்சை என்றால் பல நாள் அலைய வேண்டும், கடலுக்குப் போக முடியாது, செலவும் தாங்காது என்று பயப்படுகிறார். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? கஷ்டப்பட்டுக் காப்பாற்றத்தான் வேண்டுமா? இன்னொன்று: என் ஏழு வயதுத் தம்பிக்குக் கீழ் வரிசையின் கடைசிப் பல்லில் கறுப்பாகக் குழி விழுந்திருக்கிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்கிறார்கள். சரியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'பிறகு வலி தானாகவே நின்றுவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுக்கும் மேலாக இந்தக் கடலோர ஊர்க்காரர்களின் வாயைத்தான் பார்த்துவருகிறேன். இந்த ஒரு நிம்மதியை நம்பியே எத்தனையோ பேர் பல்லை இழந்திருக்கிறார்கள். வலியோடு ஓடி வருகிறவரின் பல்லைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வலி நின்றுவிட்டது என்று ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவரின் வாயில் எனக்கு மிஞ்சுவது வெறும் வேர்தான்.

பல்லுக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மேலே இருக்கும் எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதற்கு உயிர் இல்லை. பாசியை அடியோடு பிடுங்காமல் விட்டால் மறுபடி தழைக்கும் என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எனாமலுக்கு அந்த வரம் கிடையாது. குழி விழுந்தால் விழுந்ததுதான். அதற்கு அடியில் டென்டின் என்ற மஞ்சள் பகுதி. நடுவில், நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மெல்லிய சதை. சொத்தை அந்தச் சதையைத் தொட்டதும் அது வீங்குகிறது. கையிலோ காலிலோ வீக்கம் வந்தால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் இருக்கும் சதைக்கு நான்கு பக்கமும் கல் போன்ற சுவர். வீங்க இடமில்லாமல் நரம்பு நெரிபடுகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக வரும், வலியும் கூடும். இரவில் தூங்க முடியாமல் போனது அதனால்தான்.

கடலுக்குள் வந்த வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அதைக் குளிர் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் பத்து மீட்டர் ஆழம் போனால் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் இரு மடங்காகிவிடும். பாசி எடுப்பவர்கள் அவ்வளவு ஆழம் போவதில்லை. ஆனால் கெட்டுப்போன பல்லுக்கு இரண்டு மூன்று மீட்டரே போதும். சொத்தைக்குள்ளோ பழைய அடைப்புக்கு அடியிலோ சிக்கிக் கிடக்கும் காற்று அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும்போது, புண்ணாகிப்போன நரம்பு துடிக்கும். ஆழ்கடலில் முக்குளிப்பவர்களுக்கும் விமானத்தில் பறப்பவர்களுக்கும் வரும் இந்த வலியைப் பல் மருத்துவத்தில் தனியாகவே படிக்கிறோம். தலை கீழே போவதால் ஏறும் ரத்தமும், மூச்சை அடக்கும்போது தன்னை அறியாமல் பல்லைக் கடிப்பதும் அதோடு சேர்ந்துகொள்ளும். கடலில் மூழ்கும்போது மட்டும் ஒரு பல் வலித்தால், அந்தப் பல் கரையில் இருக்கும்போதே பார்க்கப்பட வேண்டிய பல்.

பிறகு ஒரு நாள் அந்தச் சதை செத்துப்போகிறது. செத்த நரம்புக்கு வலி தெரியாது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிய அந்த நாட்களில் கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டியிருக்கின்றன. போன வாரம் வந்த வீக்கம் அதுதான். ஈற்றில் தெரியும் கொப்புளம், சீழ் வெளியேறத் தானே வெட்டிக்கொண்ட வாய்க்கால். அது திறந்திருக்கும் வரை வீக்கமும் வலியும் அடங்கியிருக்கும். அடைபட்டால் மறுபடி வீங்கும்.

ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். அடுத்த முறை வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை நெருக்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது வேகமாகப் பரவும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பல்தானே என்று தாமதித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் மாத்திரை பற்றி. கிருமிக்கொல்லி மாத்திரையை ஐந்து நாள் போட்டால் வீக்கம் வற்றும், நோய் போகாது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து அங்கே போய்ச் சேர வழியே இல்லை. வலி மாத்திரையை மாதக் கணக்கில் போடுவது, அதுவும் சர்க்கரை நோய் உள்ளவர் போடுவது, சிறுநீரகத்துக்கு ஆபத்து. புகையிலையை அந்த இடத்தில் அடக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சற்று மரத்துப்போன மாதிரி தெரியும், அவ்வளவுதான். அதே இடத்தில் தினமும் புகையிலை இருந்தால் கன்னத்தின் உள்பக்கம் வெளுக்கத் தொடங்கும். அங்கிருந்து புற்றுநோய்க்கு வெகுதூரம் இல்லை. பல்லைக் காட்டப் போகும்போது கன்னத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்டது. காப்பாற்ற முடியுமா? பல்லைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கொப்புளம் இருக்கிறது, சீழ் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பல்லைப் பிடுங்கத் தேவையில்லை. உள்ளே சுத்தம் செய்து அடைத்ததும் அந்தக் கொப்புளம் பெரும்பாலும் சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். வேர் நுனியைச் சுற்றிக் கரைந்துபோன எலும்பும் மாதக் கணக்கில் மெல்ல மெல்ல நிரம்பும். முடிவு செய்வதற்கு ஒரு சின்ன எக்ஸ்ரே போதும். ஈற்றுக்கு மேலே பல்லின் சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, வேரில் விரிசல் இருக்கிறதா, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பார்த்த பிறகு மருத்துவர் 'பிடுங்கத்தான் வேண்டும்' என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். வேர் நீளவாக்கில் பிளந்த பல்லையும், எலும்பு முழுவதும் கரைந்து ஆடுகிற பல்லையும் நானும் பிடுங்குகிறேன். எக்ஸ்ரே எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்தில் குறடைக் கையில் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், கருவாடு காயப்போட்டு விற்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். வயது முப்பதைத் தாண்டாது. 'பிடுங்கிவிடுங்கள் அம்மா, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்' என்றார். நான் எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டேன். கிண்ணத்தில் போட்டபோதுதான் அந்தப் பல்லைச் சரியாகப் பார்த்தேன். மேலே ஒரு குழி. கீழே இரண்டு வேரும் பழைய தந்தம் மாதிரி முழுசாக, உறுதியாக இருந்தன. இன்னும் முப்பது ஆண்டு உழைத்திருக்கக்கூடிய பல் அது. பதினோரு ஆண்டு கழித்து அவர் மறுபடி வந்தார். பிடுங்கிய இடத்துக்குப் பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. மேலே எதிரில் இருந்த பல், கடிக்கத் துணை இல்லாமல் கீழே இறங்கி ஈற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாய்ந்த பல்லுக்கு அடியில் சோறு சிக்கிச் சிக்கி அதுவும் சொத்தை. ஒரு பல்லைப் பிடுங்கி இன்னும் இரண்டு பற்களையும் கெடுத்திருந்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. 'நான்தானே பிடுங்கச் சொன்னேன்' என்றார். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் அம்மாவின் நிலைமை அதைவிடக் கடினமானது. வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் ஏற்கெனவே இல்லை. இவ்வளவு நாளும் இடது பக்கம்தான் மென்றிருப்பார். இதுவும் போனால் மெல்லுவதற்கு ஒரு பக்கமும் மிஞ்சாது. சோற்றை விழுங்குவார், காயை ஒதுக்குவார், டீயில் முக்கிய பன்னும் கஞ்சியும் அதிகமாகும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வேண்டாத சாப்பாடு எதுவோ அதுதான் வாய்க்கு எளிதாகத் தெரியும்.

கட்டுப் பல் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். தேவைப்படுபவர்களுக்கு நானே வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் முழுப் பல் செட் வைத்தவர்களின் கடிக்கும் பலம், சொந்தப் பல்லோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குகூடத் தேறுவது அரிது. பாலம் வைத்துப் பல் கட்டுவதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பற்களைச் சுற்றிலும் ராவ வேண்டும். பாம்பன் பாலத்தைத் தினம் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தூண் இல்லாத இடத்தின் பாரம் முழுவதும் இரு பக்கத்துத் தூண்களின் மேல்தான் இறங்கும். எலும்பில் திருகாணி இறக்கிப் பல் வைக்கும் முறை நல்ல முறைதான். ஆனால் ஒரு பல்லுக்கே இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும். பல்லைப் பிடுங்கியதும் தாடை எலும்பு கரையத் தொடங்கி, முதல் ஆண்டுக்குள்ளேயே அந்த இடத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடுவதால், ஆண்டுகள் கழித்து வந்தால் திருகாணி இறக்கவே எலும்பு போதாமல் போகலாம்.

சொந்தப் பல்லைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன். கடலோரத்துக்காரர்களுக்கு உடனே புரியும். காரல் மீன் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போடுகிறீர்கள். மெல்லும்போது, மயிர் போன்ற ஒரு முள் பல்லுக்கு இடையில் பட்டதும் தாடை தானாக நிற்கிறது. நாக்கு அதைத் தேடிப் பிடித்து உதட்டுக்குக் கொண்டுவருகிறது. பேசிக்கொண்டே இதைச் செய்கிறோம். அந்த முள்ளைக் கண்டுபிடித்தது யார்? பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அந்த நார்களில்தான் தொங்குகிறது. அதில் உள்ள நரம்புகள், தலைமுடியைவிட மெல்லிய தகட்டைக் கடித்தாலும் உணர்ந்துவிடும். திருகாணிப் பல்லுக்கு அந்த நார் கிடையாது. பல் செட்டுக்கும் கிடையாது. செட் வைத்திருக்கும் பெரியவர்கள் முள் மீனை ஒதுக்கிவிட்டுத் துண்டு மீனாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

வேர் சிகிச்சையில் பல்லுக்கு உள்ளே இருக்கும் செத்த சதையைத்தான் எடுக்கிறோம். வேருக்கு வெளியே இருக்கும் நார் அப்படியே இருக்கும். 'நரம்பை எடுத்த பல் மரக்கட்டை' என்று ஊரில் சொல்வது தவறு. அந்தப் பல்லுக்குக் குளிரும் சூடும் தெரியாது, முள் தெரியும்.

சிகிச்சையை நினைத்து அம்மா பயப்படுகிறார் என்றால், என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். பல்லின் மேலிருந்து ஒரு சின்ன வழி திறப்பார்கள். கீழ்க் கடைவாயின் முதல் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், மூன்று குழாய், சிலருக்கு நான்கு. முதலில் உள்ளே விடும் ஊசி போன்ற அரத்தின் நுனி 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை விரலால் மெல்லத் திருப்பித் திருப்பி வேர் நுனி வரை கொண்டுபோக வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை. ஒவ்வொரு குழாயையும் கிருமிநாசினி நீரால் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்து, கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் இடைவெளி இல்லாமல் அடைப்பார்கள். மலேயா பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து எடுப்பது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகப் போட்டார்கள். உப்புத் தண்ணீரில் கெடாது என்பதால். அதே பொருள் ஈரத்திலேயே கிடக்கும் பல்லுக்கும் பொருந்தியது.

அதன் பிறகு கேப், அதாவது பல்லை மேலிருந்து மூடும் உறை, போட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து சுவரை மெல்லியதாக்கியிருக்கும். வலி போய்விட்டது, கேப்புக்குப் பணம் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுபவர்கள் ஒரு நாள் மிக்சரோ எலும்போ கடிக்கும்போது பல் வேர் வரை இரண்டாகப் பிளந்து வருகிறார்கள். அப்போது யாராலும் காப்பாற்ற முடியாது. பணம் குறைவென்றால் விலை மலிவான உலோக கேப் போதும். கடைவாயில் அது யார் கண்ணுக்கும் தெரியாது, உழைப்பிலும் குறை வைக்காது. வெள்ளைக் கேப்தான் வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள்.

நாள் கணக்கு. பிடுங்கினால் ஒரே நாள் என்பது கணக்கில் சரியாக வராது. பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து, ஈறு மூடிவர வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் இன்னும் தாமதமாகும். குறைந்தது ஒரு வாரமாவது கடலில் மூழ்கக் கூடாது. வேர் சிகிச்சை இரண்டு மூன்று தடவையில் முடியும். கேப்புக்கு இரண்டு தடவை. இடையில் தற்காலிக அடைப்பு இருக்கும் நாட்களில், உள்ளே காற்று சிக்கியிருந்தால் மறுபடி அந்தப் பழைய வலி வரும் என்பதால், வேர்க் குழாய்களை முழுதாக அடைக்கும் வரை மூழ்க வேண்டாம். பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலுக்குப் போவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் அல்லவா? உங்கள் ஊரிலும் அந்த வழக்கம் இருந்தால், கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து மருத்துவரிடம் தேதி கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் எந்த மருத்துவரும் மாற்றித் தருவார். என்னிடம் வரும் விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பல் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருக்கும் காலம் அதுதான் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் அம்மா மட்டும் தடைக்காலம் வரை காத்திருக்கக் கூடாது.

செலவுக்கு வழி: ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது. அதன் மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே காட்டுங்கள். அங்கே முடியாத வேலை என்றால் புதுக்கோட்டையில் 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. தூரம்தான், ஆனால் பக்கத்து மாவட்டம். பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சை நிதானமாக நடக்கும். நேரம் கூடுதலாகும், வேலை சுத்தமாக இருக்கும். போகும்போது சர்க்கரை அளவு எடுத்த சீட்டையும், தினம் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்டுவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் போங்கள்.

மிச்சமிருக்கும் பற்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றை ஒன்று வளர்க்கும். ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். சர்க்கரை ஏறினால் ஈறு கெட்டு, சொத்தையே இல்லாத பல்லும் ஆடும். பல்லில் காரை, அதாவது கல் போல இறுகிய அழுக்கு, படிந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று அம்மா சொல்லக்கூடும், இந்தப் பக்கம் சொல்லாதவர்கள் இல்லை. படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிறோம். சுரண்டியதால் பலகை கெட்டது என்று யாராவது சொல்வார்களா? காரைக்கு அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். காரை அதை மூடி மறைத்திருக்கும். எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, ஓரிரு வாரம் பல் கூசுகிறது. பிறகு ஈறு இறுகிவிடும்.

கரித்தூளோ, செங்கல் பொடியோ, உப்போ வைத்துத் தேய்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈற்றோரத்தில் அரிவாள் வெட்டு மாதிரி பள்ளம் விழுந்த பற்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். ஃபுளோரைடு கலந்த சாதாரணப் பற்பசை, மென்மையான பிரஷ், காலையில் ஒரு தடவை, இரவில் படுக்கப் போகுமுன் ஒரு தடவை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவில் செய்யுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கிருமிகளுக்கு அதுதான் வேட்டை நேரம். தேய்த்த பிறகு நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மருந்தை எல்லாம் கழுவிவிட வேண்டாம். வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடிப்பீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கருப்பட்டியில் சத்து உண்டு, ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு அதுவும் சர்க்கரைதான். ஒவ்வொரு தடவை இனிப்புப் பட்டதும் வாயில் அமிலம் ஊறி, அது அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே தடவையில் இரண்டு துண்டு தொதல் இனிப்பு சாப்பிடுவதைவிட, நாள் முழுவதும் ஆறு தடவை இனிப்பு டீயை உறிஞ்சுவது பல்லுக்குக் கெடுதல். அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் இனிப்பில்லாத டீக்கே பழகச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தம்பி. நீங்கள் கேட்டதற்கு நன்றி. அது பால் பல் இல்லை என்றே நினைக்கிறேன். ஆறு வயதையொட்டி, பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், ஒரு பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய முதல் நிலையான கடைவாய்ப் பல் அது. எந்தப் பல் என்று வீட்டிலேயே பார்க்கலாம்: தம்பியின் வாயை வெளிச்சத்தில் திறக்கச் சொல்லி, கீழே நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். ஆறாவதாக வருவதுதான் அந்தப் பல். குழி ஆறாம் பல்லில் இருந்தால் இந்த மாதமே அடைத்துவிட வேண்டும். இப்போது அடைப்பது ஒரே தடவை வேலை, அநேகமாக ஊசிகூடத் தேவைப்படாது. ஐந்தாவதில் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று, அடியில் வரும் பல்லுக்கு இடம் காத்துக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால் பின்னால் இருக்கும் ஆறாவது பல் முன்னே நகர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும்; பிறகு கோணல் பல்லுக்குக் கம்பி கட்ட அலைய வேண்டியிருக்கும். மற்ற மூன்று ஆறாம் பற்களும் நன்றாக இருந்தால், மேலே உள்ள பள்ளங்களை மூடும் ஒரு பூச்சு இருக்கிறது, அதையும் போடச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலை, வலி கிடையாது.

உங்கள் அம்மா தனக்காக ஒரு நாள் கூலியை விட மாட்டார் என்று தெரிகிறது. மகனுக்காக விடுவார். தம்பியின் பல்லைக் காட்டப் போகிறோம் என்று சொல்லி, இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகும் சந்தேகம் இருந்தால் அதன் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.